ஊருக்குப் போனவர்களின் இடம்

ஆனைமேய்ந்தான் பொட்டலில் எந்த ஆனையும் மேய்ந்ததில்லை. மேய்ந்ததற்கு அந்தப் பெயரைத் தவிர வேறு சான்று கிடையாது, பெயரைச் சான்றாக எடுத்துக்கொள்வதானால் பக்கத்து ஊரான பொன்சொரிந்தநல்லூரில் ஒரு பெண்ணாவது கவரிங் கம்மல் போடாமல் இருந்திருக்க வேண்டும். ஆனாலும் ஆனை மேயும் அளவுக்கு அது ஒரு காலத்தில் பரந்து கிடந்தது என்பதில் ஊருக்குள் இரண்டு பேச்சு இல்லை. பிறகு அதன் ஓரத்தில் ஓர் அரிசி ஆலை வந்தது, ஆலைக்குப் பக்கத்தில் கல்யாண மண்டபம் வந்தது, மண்டபத்துக்கு வருகிற கார்கள் நிற்க ஓர் இடம் வந்தது, கார்கள் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க ஒரு பிள்ளையார் வந்தார், பிள்ளையார் வெயிலில் காயக்கூடாது என்று தகரக் கொட்டகை வந்தது, கொட்டகை நிழலில் ஒரு கட்சிக் கொடிக்கம்பம் வந்தது, இத்தனையும் வந்த பிறகு, மிச்சமிருந்த பொட்டலைக் காப்பாற்றுவதற்காக, வட்டாரத் திறந்தவெளிப் பாதுகாப்பு வாரியமும் வந்தது.

வாரியத்துக்கு இருந்த அதிகாரம் ஒன்றுதான்: 'இது திறந்தவெளி' என்று பலகை நடலாம். அதற்கு இருந்த நிதியும் பலகைக்கு வர்ணம் அடிப்பதோடு தீர்ந்துவிடும். ஆடுகள் அந்தப் பலகைகளில் முதுகைச் சொறிந்துகொண்டு, ஊருக்குள் வரும்போது விலாவில் பச்சை வர்ணத்தோடு வந்தன.

வாரியத்தின் செயலாளர் அனவரதம். பத்திரிகையில் ஒற்றுப்பிழை கண்டால் சிவப்பு மையால் திருத்தி, திருத்திய பத்திரிகையைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போடுகிறவர் அவர். மேலத்தெருவில் மனைவி உலகம்மையோடு குடியிருந்தார். வீடு உலகம்மையின் அப்பா கொடுத்தது. முன்கட்டில் ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின், உள்ளே ஓர் அறை முழுக்க அவருடைய புத்தகங்கள், பின்னால் அடுக்களை. அறைக்கும் அடுக்களைக்கும் நடுவே ஒரு நடை, புத்தக அறையில் கட்டில் போட இடமில்லாததால் அந்த நடையில்தான் இருவரும் படுத்தார்கள். பிள்ளைகள் இல்லை. அந்த இடத்திலும் புத்தகங்கள் வந்துவிட்டன என்று உலகம்மை யாரிடமாவது சொல்வாள், அதைக் கேட்டால் அனவரதம் சிரிப்பார்.

வாரியத்துக்கு அதிகாரமும் நிதியும் கேட்டு அவர் ஒரு சட்டத்திருத்த வரைவு எழுதினார். எழுதிய ஒவ்வொரு பத்தியையும், மெஷின் மிதித்துக்கொண்டிருக்கும் உலகம்மைக்கு வாசித்துக் காட்டினார். அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இந்தத் தடவை நல்லா வந்திருக்கு" என்பாள், அல்லது, "முன்னால உள்ளது கொஞ்சம் நல்லா இருந்துச்சு" என்பாள். இரண்டாவது வகைத் தீர்ப்பு வந்தால் அவர் அந்தப் பத்தியைத் திரும்ப எழுதிவிடுவார்.

வரைவு தலைநகருக்குப் போனது. நிதித்துறை, பணம் இல்லை என்று சொல்லிவிட்டது, ஆனால் நியாயமாக ஒன்றையும் சொன்னது: வாரியத்துக்கு வேண்டியது இடம், பணத்தை வாங்கி இடமாக மாற்றுவானேன், இடத்தையே நேராக வசூலித்துக்கொள்ளட்டும். அப்படியே திருத்தம் நிறைவேறியது. வாரிய எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும், தேவைப்படும்போதெல்லாம், மூலையிலிருந்து ஒரு பங்கு இடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

வசூலுக்குப் பெண்களை அமர்த்தினார்கள். அவர்களுக்குத் தலைவி பேச்சித்தாய், காய்கறிச் சந்தையைப் பெருக்கிப் பெருக்கிக் கை உரமேறியவள். காலையில் நீளமான ஈர்க்கு வாரியலும் கோணிச்சாக்கும் கொண்டு வருவார்கள். வீட்டுக்காரர்கள் சாமான்களை நகர்த்திக் கொடுப்பார்கள். பேச்சித்தாய் மூலையில் வாரியலை வைத்து இழுத்தால், காய்ந்த வேப்பிலை வருகிற சத்தத்தோடு இடம் வரும். இரண்டு பேர் சாக்கை விரித்துப் பிடிக்க, அள்ளிப் போட்டு, வாயைக் கோணியூசியால் தைத்துவிடுவார்கள். சாக்கு உப்பி இருக்கும், எடை இராது. தள்ளுவண்டியில் கட்டிப் பொட்டலுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துக் கொட்டினால் பொட்டல் அந்த அளவுக்கு அகலும். வீடு வெளியிலிருந்து பார்க்க முன்போலவே இருக்கும். உள்ளேதான் நேற்றுவரை குறுக்கே கிடந்த கட்டில் இன்றைக்குச் சுவரில் முட்டும்.

ஊர் இதற்காக ஆச்சரியப்படவில்லை. எந்த மூலை என்பதில்தான் சண்டை வந்தது.

"ஏட்டி பேச்சி, அங்கன அம்மி கெடக்கு, கண்ணு தெரியலையா?"

"அம்மி உம்மகிட்டதான் இருக்கும் அண்ணாச்சி. அம்மிக்கு அடியில உள்ளதத்தான் எடுக்கேன்."

"அப்போ அம்மி எதுமேல இருக்கும்?"

"அத வாரியத்துல போயிக் கேளும். நான் வாரியல் பிடிக்கிறவ."

ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். ஒருக்களித்துப் படுக்கப் பழகினார்கள், பிறகு முறைவைத்துப் படுக்கப் பழகினார்கள், பெண் பார்க்கப் போனால் நிறத்தையும் படிப்பையும் விட்டுவிட்டுத் தோளகலம் கேட்டார்கள், பீரோக்காரர்கள் சப்பட்டையாகப் பீரோ செய்தார்கள், மிட்டாய்க்கடை முதலாளி வீட்டுக்குள் போக முடியாமல் கடையிலேயே குடியிருந்தார், வசதியுள்ளவர்கள் பக்கத்து ஊர்களில் பாழடைந்த சரக்குக் கிட்டங்கிகளை வாங்கி வைத்துக்கொண்டு அவற்றின் மூலைகளைக் கொடுத்தார்கள், கல்யாண மண்டபத்துக்காரர் தம் பங்கு முழுவதையும் கக்கூஸிலிருந்து கொடுத்து, சாப்பாட்டுக்கூடத்தைக் காப்பாற்றிக்கொண்டார். பொட்டலோ வளர்ந்தது. அதன் மறுகோடியில் தெரிந்த குன்று மெல்ல மெல்லப் பின்வாங்கி நீலமாகிப் பிறகு தெரியாமலே போனது. உள்ளே போன வெள்ளாடு ஒன்று இரண்டு குட்டிகளோடு திரும்பி வந்தது. ஆட்காட்டிக் குருவி பறந்துபோய் வெகுநேரம் கழித்து அதன் குரல் வந்தது.

பாதுகாக்கப்பட்ட வெளி என்பதால் மனிதர்கள் உள்ளே போகத் தடை இருந்தது. சாயங்காலங்களில் ஊர் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தது. அள்ளிக் கொட்டிய இடங்கள் தங்கள் வாசத்தை விடவில்லை.

"அந்தா, அந்தக் கள்ளிக்குப் பக்கத்துல பெருங்காய வாசம் வருதுலா, அது எங்க அடுக்களை."

"எங்க மாமனார் இருமுத சத்தம் கேக்கு. அவருதான் செத்துட்டாரே, எடம் இன்னும் இருமுது பாரேன்."

வழி ஒன்று தற்செயலாகக் கிடைத்தது. தெற்குத்தெருவில் ஒரு வீட்டில் மகன் வேலைக்காகப் பெட்டியோடு புறப்பட்டு முடுக்கு திரும்பிய நேரத்தில் வசூல்காரிகள் வந்தார்கள். பேச்சித்தாய் வாரியலைக் கீழே வைத்துவிட்டாள். ஊருக்குப் போனவர் போன கையோடு வீட்டைப் பெருக்கினால் போனவர் திரும்பமாட்டார் என்பதை எந்தச் சட்டமும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"நான் மாட்டேன். பெத்தவ பாவம் எனக்கு வேண்டாம். அடுத்த வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

மறுநாள் காலை அடுத்த வீட்டிலும் ஒருவர் ஊருக்குப் போனார். அதற்கடுத்த நாள் தெருவே போனது. எந்தத் தெருவுக்கு வசூல் என்று பேச்சித்தாய் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதால், எல்லா வீட்டிலும் எல்லாக் காலைகளிலும் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு, நெற்றியில் திருநீறு வாங்கிக்கொண்டு, வாசலில் நிற்பவர்களிடம் "போயிட்டு வாரேன்" என்று சொல்லிப் புறப்பட்டார். போனவர்கள் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்து பொழுது சாய்ந்ததும் திரும்பினார்கள். பஸ்ஸில் ஏறியவர்கள் குறைவு.

முதலில் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும், யார் போவது என்ற கேள்வி பெரியவர்களிடம் வந்தது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. ஆனாலும் அந்த வாரத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும், தன்னிடம் யார் இல்லாவிட்டால் பரவாயில்லை என்பது தெரிந்துவிட்டது. புருஷனை இழந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்ட தங்கை, பிள்ளை பெறாத மருமகள், வேலை போன மூத்த மகன், ஞாபகம் தப்பிய பெரியப்பா. அவரவர் பை அவரவர் வாசலில் காலையில் தயாராக இருந்தது. பஸ் ஸ்டாண்டு சிமெண்ட் பெஞ்சுகளில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், யாரும் யாரிடமும் காரணம் கேட்கவில்லை.

அனவரதம் வீட்டில் தேர்வுக்கே இடமில்லை. அவர் ஆபீசுக்குப் போகவேண்டும். உலகம்மை மஞ்சள் பையில் தைக்கிற துணிகளை வைத்துக்கொண்டு போனாள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கை மடித்தாள், காஜா எடுத்தாள். தாம் செயலாளராக இருக்கும் வாரியத்தையே தாம் ஏய்ப்பது அவருக்கு உறுத்தாமல் இல்லை. புத்தக அறையின் மூலைகளைப் பார்த்ததும் உறுத்தல் போய்விடும். ஒரு மூலையில் நிகண்டுகள் இருந்தன, எதிர்மூலையில் சட்டங்கள்.

வசூல் படுத்துவிட்டது. வாரியத் தலைவர் அனவரதத்தைக் கூப்பிட்டார்.

"என்னவே, அதிகாரம் குடுத்தாச்சு, நிதிக்குப் பதிலா எடத்தையே எடுக்கச் சொல்லியாச்சு, பொட்டல் நின்ன எடத்துலயே நிக்கு. கேட்டா எல்லாரும் ஊருக்குப் போயிருக்கான்கான். ஊர்ல இருக்கிறவன் எவன்வே?"

"அதிகாரத்தைப் புதுப்பிக்கணும், ஐயா."

"புதுப்பியும். உம்மத்தான் சட்டப்புலின்னு சொல்லுதாவ."

அனவரதம் புதுப்பித்தார். தம் வாழ்நாளில் எழுதியவற்றில் அதுவே சிறந்த வாக்கியம் என்று அவருக்குத் தோன்றியது. ஊருக்குப் போகிறேன் என்று புறப்பட்டவர் போனவராகவே கொள்ளப்படுவார். அவர் வீட்டில் நின்ற, இருந்த, கிடந்த இடம் முழுவதும், அவர் படியிறங்கும் அக்கணமே, பெருக்குவாரின்றியும் சாக்கின்றியும், வாரியத்தைச் சேரும். பேச்சித்தாயின் பாவ புண்ணியத்துக்கு அதில் வேலையே இல்லை.

தலைநகருக்குப் போய் ஒப்புதலும் ஆகி, அரசிதழில் வருவது மட்டும் பாக்கி என்று செய்தி வந்த சாயங்காலம், அதை உலகம்மைக்கு வாசித்தார். அவள் மெஷினை நிறுத்தினாள்.

"நின்ன, இருந்த, கெடந்த. மூணும் அடுத்தடுத்து வாரது நல்லா இருக்கு." பிறகு கேட்டாள்: "அப்போ நாளைக்கு நான் போகணுமா, வேண்டாமா?"

அரசிதழ் சொன்ன நாளில் வந்ததாக அனவரதத்தின் நினைவில் இல்லை. முந்தைய திருத்தம் அச்சாகி வருவதற்குள் அதைக் கொண்டுவந்த அமைச்சர் மாறி, அவருக்குப் பிறகு வந்தவரும் மாறியிருந்தார். அரசாங்கத்தின் தாமதத்தை அவர் பஞ்சாங்கத்தை நம்புவதுபோல நம்பினார். அதோடு, மறுநாள் மேலத்தெருவுக்கு வாரியல் வரும் என்று ஒரு பேச்சும் காதில் விழுந்திருந்தது.

"நாளைக்கு ஒரு நாள் போயிட்டு வந்துரு, உலகு. அச்சாகி வர எப்படியும் ஒரு மாசம் ஆவும்."

"உறுதியா தெரியுமா?"

"எனக்குத் தெரியாமலா."

அவள் போனாள். அச்சகத்தில் அன்று வேறு வேலை இல்லை.

ஆபீசில் அரசிதழைப் பிரித்துத் தேதியைப் பார்த்த அனவரதம், முதலில் அச்சுப்பிழை இருக்கிறதா என்று தேடினார். இல்லை. குடையைக்கூட எடுக்காமல் வெளியே வந்தவர், பஸ் ஸ்டாண்டுக்கும் வீட்டுக்கும் வழி பிரிகிற இடத்தில் சற்று நின்று, வீட்டுப் பக்கம் திரும்பினார். அறையைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிடப் போகலாம் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டில் ஜன்னல் இருந்தது. ஜன்னலோர மூலை, மெஷினோடும் மெஷின்முன் இருந்த முக்காலியோடும் போயிருந்தது. அடுப்பு இருந்தது, அடுப்புக்கு முன்னால் நிற்கிற இடம் இல்லை. நடையில் ஓர் ஆள் படுக்கிற அகலம் இருந்தது. சுவர்கள் தழும்பு தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தன, இத்தனை காலம் அந்த வீட்டில் இத்தனை இடங்களில் அவள் இருந்தாள் என்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். புத்தக அறை அப்படியே இருந்தது. அவர் சந்தோஷப்பட்டார் என்று எழுதுவது அநியாயம். அலமாரிகளை எண்ணிப் பார்த்தார் என்று எழுதலாம். எண்ணி முடித்தபோது பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற நேரம் தாண்டி, அவளே திரும்பி வருகிற நேரம் ஆகியிருந்தது.

உலகம்மை வாசலில் நின்றாள்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க."

அவர் தள்ளினார்.

"இன்னும் கொஞ்சம்."

"தள்ளிட்டேன்."

அவள் வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். நிரம்பிய பெட்டியில் இன்னொரு துணியைத் திணித்தது போல அந்தக் கால் வெளியே வந்துவிட்டது. இடது காலை வைத்துப் பார்த்தாள். பிறகு எட்டி, அவர் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள்.

"அந்த அலமாரியில ஒண்ணத் தூக்கி வெளிய வச்சா நான் நிக்கலாம்லா?"

அவர் அதைச் சட்டப்படி யோசித்தார்.

"அப்படி இல்ல, உலகு. அலமாரிய எடுத்தா அது காலி எடம். காலி எடம் வாரியத்துக்குப் போயிரும். உன் பங்கு வேற, அது முடிஞ்சு போச்சு."

"அலமாரியும் போயிரும், நானும் உள்ள வர முடியாது."

"அதேதான்" என்றார், சரியான பதில் கேட்ட வாத்தியாரின் முகத்தோடு.

"இது எங்க அப்பா குடுத்த வீடு."

"பட்டா உன் பேர்லதான் இருக்கு. பட்டா வேற, எடம் வேற."

அவள் திரும்பித் தெருவைப் பார்த்தாள். தெருவில் வேறு வாசல்களிலும் பையோடு ஆட்கள் நின்றார்கள், உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் தள்ளிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"மேல்முறையீடு இருக்கு. செயலாளர்கிட்ட மனு குடுக்கலாம்."

"உங்ககிட்டயா?"

"ஆபீஸ்ல. பத்து மணிக்கு மேல."

"சரி" என்றாள். பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, பழக்கத்தில் கேட்டாள்: "சாப்பிட்டீங்களா?"

"அடுப்புகிட்ட நிக்க முடியல."

அவள் தெருமுனை வரை போன பிறகுதான், இன்றைக்கு எங்கே இருப்பாய் என்று கேட்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. ஆனால் போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. கூப்பிடவில்லை.

மறுநாள் வரிசையில் அவள் முறை வந்தபோது மனுவைக் கொடுத்தாள். அவர் அதைப் படித்துவிட்டு, எல்லா மனுக்களுக்கும் எழுதியதை இதற்கும் எழுதினார், வேண்டியவர் என்று சலுகை காட்டியதாகப் பேச்சு வரக்கூடாது. மனுதாரர் வசூல் நேரத்தில் வீட்டில் இல்லை என்பது அவருடைய மனுவிலிருந்தே புலனாவதால் மனு தள்ளுபடி.

"வாசிங்களேன்" என்றாள்.

வாசித்தார்.

"புலனாவதால்" என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "முன்னால உள்ளத விட இது நல்லா வந்திருக்கு."

போக இடமில்லாதவர்கள் பொட்டல் வேலியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். காவல்காரர்கள் விரட்டிப் பார்த்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தம் இடத்தை வாசத்தால் கண்டுபிடித்து வேலிக்குள் போய் அதில் நின்றுகொண்டபோது, அவர்களை அசைக்க முடியவில்லை, அந்த இடங்கள் அவர்களுடைய அளவுக்கே இருந்தன. இப்படி நிற்பவர்கள் ஆக்கிரமிப்பாளர்களா, பொட்டலின் இயற்கைச் செல்வமா என்று தலைவர் கேட்க, அனவரதம் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். அவர்கள் வாரியத்தின் தற்காலிகப் பணியாளர்கள். இப்போது யாரும் ஊருக்குப் போவதில்லை, வாரியலுக்குத் தடையும் இல்லை, பேச்சித்தாய்க்குச் சாக்கு போதவில்லை. அவர்கள் சாக்கு தைக்கட்டும். ஊர் இந்த ஏற்பாட்டைப் பாராட்டியது. வீடுகளில் ஒரு வாய் குறைந்தது, பொட்டலில் நாள் முழுக்க ஆள் நடமாட்டம் இருந்ததால் திருட்டு மண் அள்ளுவதும் நின்றது.

அனவரதம் கொஞ்ச நாள் ஓட்டலில் சாப்பிட்டார். பிறகு எழுதுவதில் ஒரு சங்கடம் வந்தது. ஒரு பத்தி எழுதினால் அது முந்தையதைவிட நன்றாக வந்திருக்கிறதா என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்து வாசித்தார். ஒரு சாயங்காலம் தாள்களை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனார்.

உலகம்மை வேலியிலிருந்து கூப்பிடு தூரத்தில் தன் ஜன்னலோர மூலையில், முக்காலி மேல் உட்கார்ந்து மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாக்குகள் அடுக்கியிருந்தன. அடுக்களையும் நடையும் பொட்டலில் அவளுக்குப் பக்கத்திலேயே விழுந்திருக்க வேண்டும், அங்கிருந்து குழம்பு கொதிக்கிற வாசம் வந்தது. அவர் கம்பியைத் தூக்கிக் குனிந்து ஒரு காலை உள்ளே வைத்தார். கண்ணுக்கெட்டாத அந்த வெளியில் கால் வைக்க இடமில்லை. எல்லாம் யாரிடமிருந்தோ எடுத்தது, அவரிடமிருந்து எதுவும் எடுத்திருக்கவில்லை.

"உலகு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து, கழுத்தில் கிடந்த அளவு டேப்பை உருவிக்கொண்டு வேலிக்கு வந்தாள். கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி அவர் தோளகலத்தை எடுத்தாள், பிறகு உயரத்தை, பிறகு கையை விரிக்கச் சொல்லி அதையும். கல்யாணமான புதிதில் அவருக்குச் சட்டை தைக்க இப்படித்தான் அளந்தாள்.

"சட்டை நல்லாத்தான் இருக்கு. கிழியல" என்றார்.

"சட்டைக்கு இல்ல, சாக்குக்கு. தெருவிலேயே ஒத்த ஆளுக்கு அம்புட்டு எடம் உங்க வீட்லதான் இருக்காம். நாளைக்கு வாராவ." அவள் விரலால் கணக்குப் போட்டாள். "புஸ்தகத்த எல்லாம் நடுவுல இழுத்துப் போட்டு வச்சிருங்க, மூலையில இருந்துதான் ஆரம்பிப்பாவ. நீங்களும் மூலையில நிக்காதீங்க."

"அப்படி எடுத்தா நான் எங்கன இருப்பேன், உலகு?"

அவள் திரும்பிப் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். அவர் கையில் இருந்த தாள்களை அப்போதுதான் கவனித்தவள் போல, "என்ன எழுதிருக்கீங்க, வாசிங்க" என்றாள். அவர் வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, உரக்க வாசிக்க ஆரம்பித்தார். அவள் கேட்டுக்கொண்டே தைத்தாள். அவர் வாசித்து முடிப்பதற்குள் இரண்டு சாக்கு முடிந்துவிட்டது.